ஒரு பூட்டு, இரண்டு ஆள்

கவுன்சிலிங்குக்குப் போனால் கட்டிலில் படுக்க வைப்பார்கள், கண் முன்னால் எதையோ ஆட்டித் தூங்க வைப்பார்கள், தூக்கத்தில் வாயைக் கிளறி எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள் என்று நெட்டை எனக்குச் சொல்லி அனுப்பினான். நெட்டை என்னோடு வேலை பார்க்கிற மெக்கானிக். ஐம்பது வயசாகியும் சினிமா பார்த்துக் கெட்டவன். நான் போன இடத்தில் கட்டிலே இல்லை. மாடியில் ஒரு அறை. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, மூக்குத் துடைக்கக் காகிதம் உள்ள ஒரு டப்பா. அந்த டப்பாவைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. நான் அழுவேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வாங்கி வைத்திருக்கிறார்கள்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேலை ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரி, விடுதி என்று பல இடத்து விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, பிழிந்து, சூடான இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புவோம். அந்த உருளை மெஷின்கள் நான்கும் முப்பத்தோரு வருஷமாக என் பொறுப்பு. ஒரு நாள் மூன்றாம் நம்பர் மெஷினை நான் ஆன் செய்தபோது உள்ளே என் மச்சானுடைய கை இருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பத்தொன்பது வருஷம் என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவன். வலது கையில் மூன்று விரல் போயிற்று.

நாற்பது நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். ஒரு விரிப்பு உருளையில் சுற்றிக்கொண்டது. எடுத்துப் போட்டுவிட்டு ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. போ என்றேன், போகவில்லை. அந்தக் கூடத்தில் அறுபது பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நெட்டை வந்து போட்டான். மறுநாளும் அதே கதை. தோள்பட்டை வலி என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் நம்பவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார்.

"பெரியவரே, எட்டு வாரம் கவுன்சிலிங் போயிட்டு வாங்க. லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் ஸ்விட்ச் போட முடிஞ்சா மெஷின். முடியலன்னா கேட்ல ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன், உக்காந்து லாரி நம்பர் எழுதுங்க."

லாரி நம்பர்! முப்பத்தோரு வருஷம் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவனை வாசலில் உட்காரச் சொல்கிறார். கேட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மாடிப்படி ஏறினேன். மனசு சரியாகட்டும் என்று ஒன்றும் ஏறவில்லை.

கவுன்சிலிங் பண்ணுகிற அந்தம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும்.

"டாக்டரம்மா, சீக்கிரம் ஆரம்பிங்க" என்றேன்.

"நான் டாக்டர் இல்லைங்க ஐயா. மருந்து எழுத மாட்டேன்."

"அப்ப என்னதான் பண்ணுவீங்க?"

"நீங்க பேசுவீங்க, நான் கேப்பேன். நடுவுல கேள்வி கேப்பேன். அம்பது நிமிஷம்."

"அதுக்கு எங்க பஸ் ஸ்டாப்ல நாலு பேரு வெட்டியா நிக்கிறான்."

அந்தம்மா சிரித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், நடக்கவில்லை.

"இங்க பேசுறது வெளிய போகாது. உங்க உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் சொல்லித்தான் ஆகணும். மத்தபடி கம்பெனிக்கு நீங்க வந்தீங்கங்கறத மட்டும்தான் எழுதுவேன்."

"காசு குடுக்கிறது கம்பெனி. கம்பெனிக்கே சொல்ல மாட்டீங்களா? காதுல பூ சுத்துறதுக்கு வேற ஆளப் பாருங்கம்மா."

"நம்ப வேணாம். பாத்துட்டு நம்புங்க. இன்னொண்ணு, நடுவுல கொஞ்ச நாள் இப்ப இருக்கிறதவிட மோசமா இருக்கலாம். நிறுத்திடலாம்னு தோணும். நிறுத்துறது உங்க இஷ்டம். ஆனா வந்து சொல்லிட்டு நிறுத்துங்க."

நான் பழுது பார்த்த மெஷின் முன்னைவிட மோசமாக ஓடினால் என்னைச் சும்மா விடுவார்களா? இவர்கள் அதை முதல் நாளே சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். நல்ல தொழில் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒரு காரியம் செய்தேன். "எங்க மேனேஜர் மண்டைக்குள்ள மூளை கிடையாது, பிழியாத துணிதான் இருக்கு" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பிறகு ஒரு வாரம் மேனேஜர் முகத்தையே கவனித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போயிருந்தால் அந்த முகம் மறைக்காது. சரி, இந்த ஒரு விஷயத்தில் அந்தம்மா சொன்னது பொய்யில்லை.

இரண்டாம் வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தம்மாவும் திறக்கவில்லை. ஐம்பது நிமிஷம். அந்த அறைக் கதவின் மேலே, கதவை மெதுவாக மூட வைக்கிற ஒரு இரும்புக் கை உண்டு. அதில் எண்ணெய் கசிந்து, திருகு தளர்ந்து, யார் வந்தாலும் போனாலும் கதவு படார் என்று அறைந்தது. அது அறையும்போதெல்லாம் என் உடம்பு தூக்கிப் போட்டது. அந்தம்மா அதையும் பார்த்தார்.

மூன்றாம் வாரம் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு போனேன்.

"இந்தக் கதவ மொதல்ல சரி பண்றேன். அப்புறம் உங்க கேள்விய கேளுங்க."

தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "பண்ணுங்க" என்றார். "பண்ணிக்கிட்டே பேசுறதா இருந்தாலும் பேசுங்க."

நாற்காலி மேல் ஏறித் திருகை முறுக்கினேன். முறுக்கினால் கதவைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். தள்ளுவதற்கு முன் இறங்கிப்போய் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாருமில்லை. ஏறினேன். சந்தேகமாக இருந்தது. மறுபடி இறங்கிப் பார்த்தேன். ஏறினேன். மறுபடியும்.

"மூணு தடவ பாத்துட்டீங்க ஐயா" என்றார் அந்தம்மா. "யாரு நிக்கிறாங்கன்னு நெனச்சீங்க?"

கையில் வேலை இருக்கும்போது வாய்க்குக் காவல் குறைந்துவிடுகிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.

"எங்க கூடத்துச் செவுத்துல பெரிய எழுத்துல ஒரு சட்டம் எழுதியிருக்கு. மெஷினுக்குள்ள கைய விடுற ஒவ்வொருத்தனும் மெயின் ஸ்விட்சுக்குத் தன்னோட பூட்டப் போடணும், தன் சாவி தன் பையில இருக்கணும். ரெண்டு ஆள் வேலை பாத்தா ரெண்டு பூட்டு. ரெண்டு பேரும் தெறந்தாதான் மெஷின் ஓடும். நானும் மச்சானும் ஒரே பூட்டுதான் போடுவோம். சாவி என்கிட்ட இருக்கும். அவன் தன் செவப்புத் துண்ட ஸ்விட்ச் பக்கத்துக் கைப்பிடியில தொங்க விட்டுட்டு உள்ள போவான். துண்டு தொங்குனா மச்சான் உள்ள. துண்டு இல்லன்னா மச்சான் வெளிய. பத்தொம்பது வருஷமா இதுதான் கணக்கு. ஒரு தடவகூடத் தப்பல."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு உருளை ஆறல. சூடு பொறுக்காம அவன் துண்டக் கையில சுத்திக்கிட்டு உள்ள கைய விட்டிருக்கான். நான் அந்தப் பக்கம் தகட்ட மாட்டிட்டு வந்தேன். கைப்பிடியப் பாத்தேன். துண்டு இல்ல. பூட்டத் தெறந்தேன். போட்டேன்."

கதவைத் தள்ளிவிட்டேன். அது சத்தமில்லாமல் போய் மூடிக்கொண்டது.

அந்த வாரம் அந்தம்மா சொன்ன மோசம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடியே வந்தது. கண்ணை மூடினால் வெறும் கைப்பிடி. துண்டு இல்லாத கைப்பிடி. என் மனைவி காலையில் தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது வழக்கம்போலக் கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்காவது கூட வர்றீங்களா?"

"உன் தம்பி மூஞ்சிய எப்படிடீ பாப்பேன்?" என்று கத்திவிட்டேன். டம்ளர் ஒன்று சுவரில் போய் விழுந்தது. நான் எறிந்ததுதான்.

அவள் டம்ளரை எடுத்து அதன் நசுங்கலைத் தடவிப் பார்த்தாள். "அவன் கேக்கிறான், மாமாவுக்கு என்னைப் பாக்கப் புடிக்கலையான்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லிக் குடுங்க, அப்படியே ஒப்பிக்கிறேன்."

நான்காம் வாரம் சண்டை போடவே போனேன்.

"நீங்க சொன்னபடியே மோசமாயிடுச்சு. சந்தோஷமா? இத்தோட நிறுத்திக்கிறேன். சொல்லிட்டு நிறுத்தச் சொன்னீங்க, சொல்லியாச்சு."

"சரிங்க ஐயா" என்றார். "வந்ததுக்கு அம்பது நிமிஷம் இருக்கு. உக்காருறீங்களா, போறீங்களா?"

கெஞ்சியிருந்தால் போயிருப்பேன். உட்கார்ந்தேன்.

"நீங்களும் சொல்லிடுங்க" என்றேன். "எல்லாரும் சொல்றதுதானே. 'உங்க தப்பு இல்ல, விதி, மனச விடுங்க.' என் மக சொல்றா, நெட்டை சொல்றான், மேனேஜர்கூடச் சொல்றாரு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"நான் அங்க இல்லையே. எனக்கு எப்படித் தெரியும்? நீங்க இருந்தீங்க. நீங்க சொல்லுங்க."

"என் தப்பு."

"எது?"

"எதுன்னா? எல்லாந்தான்."

"எல்லாம்னா எனக்குப் புரியாது. மெஷின் ரிப்பேர்னு கூப்பிட்டா நீங்க எந்த இடம்னு கேப்பீங்கல்ல? அப்படிச் சொல்லுங்க."

கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

"துண்டப் பாத்தேன். ஆளப் பாக்கல. சுத்திப் போய்ப் பாக்க எட்டு எட்டு வச்சாப் போதும். வைக்கல."

"ஆமா" என்றார் அந்தம்மா. "அது உங்க தப்பு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாற்காலியில் அதுவரை நான் சரியாக உட்காரவே இல்லை. அப்போதுதான் முதுகு பின்னால் போய்ச் சாய்ந்தது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், நான் சொன்னதை நான் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். அதுவரை எல்லோரும் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஆறுதல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"வேற?" என்றார்.

"வேற என்ன?"

"பூட்டு ஏன் ஒண்ணு?"

"மெஷினுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. சட்டம் எழுதுன எடத்துக்குக் கீழ நாலு ஆணி, நாலு பூட்டு. மெஷினுக்குள்ள கை விடுற ஆள் பதினஞ்சு பேர்."

"எத்தன வருஷமா?"

"நான் சேர்ந்ததுலேருந்து."

சொல்லிவிட்டு எனக்கே சுருக்கென்றது. உடனே கோபமும் வந்தது.

"இங்க பாருங்கம்மா, என் தப்பக் கொறைக்கிற வேலை வேணாம்."

"கொறைக்கல. உங்களோடது உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த எட்டு எட்டு உங்களோடதுதான். அந்த நாலு ஆணியும் உங்களோடதான்னுதான் கேக்கிறேன்."

எழுந்து வந்துவிட்டேன். கதவு என் பின்னால் பூப்போல மூடியது. அதன்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அந்தம்மாவும் சொல்லவில்லை, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தவன் மச்சானேதான். கட்டு பிரித்தாயிற்று. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் உள்ள கையால் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தான். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"வாங்க மாமா. வழி மறந்து போச்சோ?"

"இல்லடா."

"ரெண்டரை மாசம். வெரல் போனது எனக்கு. மூலையில போயி உக்காந்தது நீங்க. இதுலயும் பங்கா?"

அவன் மனைவி உள்ளேயிருந்து, "வந்தவர உக்காரச் சொல்லுங்க, அப்புறம் திட்டலாம்" என்றாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "மச்சான், நான் துண்டப் பாத்தேன். உன்னப் பாக்கல. சுத்தி வந்து பாத்திருக்கணும். என் தப்பு."

அவன் விழுந்தடித்து இல்லை என்று சொல்லவில்லை. "ஆமா மாமா. உங்க தப்புதான்" என்றான். கொஞ்ச நேரம் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "துண்ட உள்ள எடுத்துட்டுப் போனது என் தப்பு. சூடு ஆறட்டும்னு பத்து நிமிஷம் நின்னிருக்கலாம். இதச் சொல்றதுக்கு ஆள் வரணுமேன்னு ரெண்டரை மாசமா உக்காந்திருக்கேன். அக்காகிட்ட சொன்னா அழுறா. இவகிட்ட சொன்னா இவளும் அழுறா. சலவைக்காரன் வீட்ல எப்பப் பாத்தாலும் ஈரம்."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது பூட்டுக் கதையைச் சொன்னேன். நாலு ஆணி, பதினைந்து ஆள். மச்சான் முகம் மாறியது. உள்ளே போய்த் தன் பழைய சைக்கிள் பூட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தான்.

"அடுத்து எவன் உள்ள கை விட்டாலும் அவன் பேர்ல இது தொங்கணும். துண்டு கிண்டு எல்லாம் வேணாம்."

நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னவன் மிச்சமிருந்த நான்கு வாரமும் போனேன். அந்தம்மா அதைக் குத்திக்காட்டவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நெட்டை இன்னும் நோண்டுகிறான். பேசினோம், அவ்வளவுதான். சில நாள் உருப்படியாக, சில நாள் வெறும் வெட்டிப் பேச்சு. கெட்ட கனவு நிற்கவில்லை, தினமும் வந்தது வாரத்துக்கு இரண்டாயிற்று. ஒரு முறை அந்தக் காகித டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். சளி.

கடைசி நாள் லெட்டரைக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். எட்டு முறை வந்தார் என்று மட்டும் இருந்தது.

"கை சரியாயிடுச்சுன்னு எழுதலையே?"

"அது எனக்கு எப்படிங்க ஐயா தெரியும்? உங்க கை. போட்டுப் பாத்தாதான் தெரியும்."

"அதுக்கா எட்டு வாரம்?" என்றேன்.

"அதுக்குத்தான்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்றாம் நம்பர் மெஷினில் விரிப்பு சுற்றிக்கொண்டது. கூடம் நின்றது. மேனேஜர் வந்துவிட்டார். நான் ஸ்விட்சை அணைத்துப் பூட்டைப் போட்டேன். நெட்டை உள்ளே கைவிடப் போனான்.

"நில்லுடா. உன் பூட்டு எங்க?"

"என் பூட்டா? எனக்கேது பூட்டு?"

சைக்கிள் பூட்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "இத மாட்டு. சாவிய உன் பையில போடு." மாட்டினான். பிறகு துணி மடிக்கிற அம்மாக்கள், மற்ற மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கேட்கும்படி மேனேஜரிடம் சொன்னேன். "இந்த மெஷினுக்கு ரெண்டு வந்துருச்சு. மத்த மூணுக்கும் எப்ப வரும்?"

"பெரியவரே, வேலை நிக்குது. மொதல்ல அத ஓட்டுங்க, அப்புறம் பாக்கலாம்."

"நீங்க பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த ரெண்டு பூட்டுல என்னோடது தெறக்காது."

"கவுன்சிலிங் முடிஞ்சுதுன்னு லெட்டர் குடுத்தீங்க. இன்னும் கை வரலையா?"

"கை வருதா இல்லையான்னு அப்புறம் பாப்போம். இப்ப நான் வரல. ஆளுக்கொரு பூட்டுன்னு செவுத்துல எழுதுனது நீங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச எனக்கே அது புரியுது."

"கேட்ல நாற்காலி காலியா இருக்கு பெரியவரே."

"இருக்கட்டும். அங்க உக்காந்தாலும் லாரிக்காரன்கிட்ட இதையேதான் சொல்வேன். மூணு வெரல் போனது எங்க வீட்டுல."

நெட்டை அந்தச் சைக்கிள் பூட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். "என்னோடதும் தெறக்காது சார்" என்றான். சினிமா பார்த்ததில் அவனுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று நினைக்கிறேன். மடிப்பு மேஜையில் ஒரு அம்மா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். அப்புறம் பக்கத்து அம்மா. கூடத்தில் நீராவிச் சத்தம் மட்டும்.

மேனேஜர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். ஆள் அனுப்பினார். நாற்பது நிமிஷத்தில் இரும்புக் கடையிலிருந்து பதினோரு பூட்டு வந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். இருந்த நாலோடு சேர்த்துப் பதினைந்து. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நெட்டையை உள்ளே விட்டேன்.

அவன் விரிப்பை உருவிப் போட்டு வெளியே வந்தான். தன் பூட்டைத் திறந்தான். நான் திறக்கவில்லை. முதலில் மெஷினைச் சுற்றி நடந்தேன். எட்டு எட்டு. குனிந்து உள்ளே பார்த்தேன். உருளை, தகடு, வெறும் இருட்டு. திரும்பி வந்து என் பூட்டைத் திறந்தேன்.

கையைத் தூக்கினேன். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாண் தூரத்தில், பழைய இடத்திலேயே, கை நடுங்க ஆரம்பித்தது. மறைக்கவில்லை. தோள்பட்டை வலி என்று சொல்லவும் இல்லை. நடுங்கினால் நடுங்கட்டும், என் கைதானே.

நடுங்கிய கையாலேயே போட்டேன். ஓடியது.